துணி சுற்றிய நாற்காலி

எங்கள் வீட்டு இரும்பு மடக்கு நாற்காலியின் நான்கு கால்களிலும் போன மாதம் வரை பனியன் துணி சுற்றியிருந்தது. பழைய பனியன் ஒன்றைக் கிழித்துச் சணலால் இறுக்கிக் கட்டியது. கட்டியவர் என் மாமனார். கால்களில் இருந்த ரப்பர் என்றோ தேய்ந்து விழுந்துவிட்டதால், மொசைக் தரையில் அந்த நாற்காலி கொஞ்சம் நகர்ந்தாலும் கீச்சென்று தெருவரைக்கும் கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு பரீட்சை எழுதிய காலையில் அந்தச் சத்தம் வரக்கூடாது என்று அவர் துணியைக் கட்டினார். அவிழ்க்க அவர் இருக்கவில்லை. அதன்பின் வீட்டில் யாரும் அந்தத் துணியைத் தொடவும் இல்லை.

மாமா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகனும், அதாவது என் கணவரும், ராணுவம்தான். வடக்கே எல்லைப் பக்கம் எங்கோ இருப்பார், லீவுக்கு வருவார். கல்யாணத்துக்கு முன்னால் நான் சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணினி வலையமைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். தென்காசிக்கு வந்ததும் அதை விட்டேன். ஒரு வருஷத்தில் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அது அப்படி நடக்கவில்லை. போனில் நேர்காணல் செய்தவர்கள் எல்லாரும் எனக்கு என்ன தெரியும் என்பதை விட்டுவிட்டு, நடுவில் இத்தனை காலம் என்ன செய்தீர்கள் என்றே கேட்டார்கள். சோறு பொங்கினேன் என்று சொல்ல வாய் வரை வரும். கடைசியில் என் பழைய மேலாளர்தான் வழி சொன்னார். வீட்டிலிருந்தே பார்க்கும் பாதுகாப்புக் கண்காணிப்பு வேலை ஒன்று இருக்கிறது, ஆனால் நெட்வொர்க் செக்யூரிட்டி சான்றிதழ் கையில் வேண்டும், அதுவும் இந்த மாதம் முடிவதற்குள். "உன்னை எனக்குத் தெரியும். மேலே இருக்கிறவர்களுக்குத் தாளைத்தான் தெரியும்" என்றார். அந்த வேலை தவறினால் இன்னொன்று வராது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

வீட்டில் சொன்னபோது அத்தை, அதாவது என் மாமியார், உலை வைக்க எழுந்து போனார். மாமாதான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "எம்மா, இந்தத் தாள வாங்குனா என்னவா ஆவே?" நான் சொன்னேன். முதலில் கண்காணிப்பு வேலை. யாராவது உள்ளே நுழையப் பார்த்தால் திரையில் எச்சரிக்கை வரும், ஒவ்வொன்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அதில் தேறினால் தடுப்புகளை அமைக்கும் வேலை. அதற்கும் மேலே, திருட்டு நடந்தபின் தடம் பார்த்து ஆராய்கிறவர்கள். நிறுவனத்தின் அனுமதியோடு தாங்களே புகுந்து ஓட்டை கண்டுபிடிக்கிறவர்களும் உண்டு. வங்கிகளைத் தணிக்கை செய்யப் போகலாம், வெளிநாடு போகலாம், ஒரு கம்பெனியின் மொத்தப் பாதுகாப்புக்கும் தலைமையாகவும் வரலாம். மாமா இதையெல்லாம் தன் ராணுவக் கணக்கில் ஏற்றிக்கொண்டார். "அப்போ மொதல்ல சிப்பாய். பொறவு லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார்." பிறகு, "களவாணி மாதி நாமளே சொவரேறிக் குதிச்சுப் பாக்குத வேலையும் உண்டோ? அது நல்லாருக்கே" என்றார். மறுநாள் டீக்கடையில் எல்லாரிடமும், "எம் மருமவ கம்ப்யூட்டர்ல சென்ட்ரி டூட்டி பாக்கப் போறா" என்று சொல்லியிருக்கிறார். காய்கறிக்காரர் என்னை நிறுத்தி விசாரித்தார். கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். அதற்கு விதிகள் உண்டு. அறையின் நான்கு சுவரையும் மேஜைக்கு அடியையும் கேமராவில் காட்ட வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது, இன்னொருவர் குரல் கேட்கக் கூடாது. எங்கோ உட்கார்ந்து ஒரு கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்பார்; சந்தேகம் வந்தால் அந்த நிமிஷமே ரத்து. இதை மாமாவிடம் விளக்கியது நான்தான். தென்காசியில் குற்றாலச் சீசன் நேரத்தில் அமைதிக்கு எங்கே போவது என்பதுதான் என் கவலை. சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீடு சத்திரம். கோவில்பட்டியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சொந்தக்காரர்கள் எண்ணெயும் துண்டுமாக வந்து இறங்கிவிடுவார்கள். "குத்தாலத்துக்கு வருதவன் நம்மளப் பாக்கவா வருதான்? ஈரத்துணி காயப்போட வருதான்" என்று மாமா அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார். அவர்களும் சிரித்துக்கொண்டே இன்னொரு இட்லி வைக்கச் சொல்வார்கள்.

அன்று காலையில் மாமா வேன் பிடித்து, அத்தையையும் சேர்த்து வீட்டிலிருந்த அத்தனை பேரையும் எலுமிச்சைச் சாதத்தோடு ஐந்தருவிக்கு அனுப்பினார். "தண்ணி விழுந்தாலும் சரி, விழாட்டாலும் சரி, மத்தியானம் வரைக்கும் ஒருத்தரும் இங்கன வரப்பிடாது." காலிங் பெல்லின் வயரைக் கழற்றினார். தண்ணீர் மோட்டாரை நிறுத்தினார். மீன்காரம்மாவைத் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். அவருடைய செல்போன் மணி கோயில் மணிக்குப் போட்டி போடும். அதை அணைத்து, போதாதென்று பீரோவுக்குள் சட்டைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். நாற்காலியின் கால்களுக்குத் துணி கட்டி, என் அறை வாசலில் போட்டார். பழைய பீடிப் பழக்கத்தால் அவருக்குக் காலையில் இருமல் வரும். நான் அதை நினைப்பது தெரிந்தது போல, தோளில் கிடந்த துண்டைத் தொட்டுக் காட்டினார். "இருமல் வந்தா இத வச்சுப் பொத்திக்கிடுதேன். நீ தைரியமாப் போ. ஒரு பயல விடமாட்டேன்." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

பரீட்சையில் பாதிக்கு மேல் போயிருப்பேன். கதவுக்கு வெளியே நாற்காலி நகர்ந்தது. துணி கட்டியிருந்தும் ஒரு கீச்சல் கேட்டது. உடனே திரையின் ஓரத்தில் செய்தி வந்தது: பின்னால் சத்தம் கேட்கிறது, மறுபடி கேட்டால் பரீட்சை ரத்து. இவ்வளவு செய்துவிட்டுக் கடைசியில் நீங்களே கெடுக்கிறீர்களே மாமா என்று எரிச்சல் வந்தது. மறுபடி கேட்டுவிடுமோ என்று கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

முடிவு திரையிலேயே வந்துவிடும். "மாமா, பாஸ்" என்று சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. துண்டின் முனை வாய்க்குள் இருந்தது. பற்கள் அதைக் கடித்திருந்தன. நாற்காலியின் ஒரு காலில் மட்டும் துணி முறுக்கிக்கொண்டு மேலேறியிருந்தது. துண்டை இழுத்தபோதும் அது சுலபமாக வரவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆட்டோ பிடித்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மருத்துவர் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார். மாரடைப்பு. "வலி தாங்காமக் கத்தியிருப்பாரே, வீட்ல யாருமே இல்லையா?" என்று அவர் கேட்டதற்கு, நான் இருந்தேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஐந்தருவிக்குப் போனவர்கள் செல்போன்களை வேனிலேயே வைத்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வந்தபோது தலையில் ஈரம் சொட்டியது. யாரிடமும் எதையும் விசாரிக்காமல் நேராக என்னிடம் வந்தார். "உள்ளதானட்டி இருந்தே. ஒனக்குச் சத்தம் கேக்கலையா?" கேட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அத்தை அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

வேலை கிடைத்தது. தாள் சொன்னதைச் செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதல் வருஷம் கண்காணிப்பில் இருந்தேன், பிறகு தடுப்புகள் அமைக்கும் குழு, இப்போது திருட்டுத் தடம் ஆராயும் குழுவில் இருக்கிறேன். மாமாவின் கணக்கில் நாயக். எந்தச் சின்ன எச்சரிக்கையையும் பார்க்காமல் மூடக்கூடாது என்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். ஒன்றுமில்லாதது போலத் தெரியும் சத்தத்தில்தான் எல்லாம் இருக்கும் என்று இப்போது புதிதாக வருகிற பெண்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது, அதுவும் பழகிவிட்டது. சொந்தக்காரர்கள் மட்டும் இப்போது சீசனுக்கு எங்கள் வீட்டில் தங்குவதில்லை. குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சான்றிதழ் மூன்று வருஷம்தான் செல்லும். போன மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பித்தால் குழுவுக்குத் தலைமை எனக்குத்தான் என்று ஏற்கெனவே பேச்சு. திருநெல்வேலியில் இருக்கும் பரீட்சை மையத்துக்குப் போய் எழுதிவிடலாம் என்று பார்த்தேன். கெடு முடிவதற்குள் அங்கே இடமில்லை. அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "இங்கனயே எழுது. நான் இருக்கேன்" என்றார்.

காலையில் நான் அறையைக் கேமராவில் காட்டி முடித்தேன். கதவைச் சாத்தும்போது அத்தை அந்த நாற்காலியைத் தூக்கிவந்து, அதே இடத்தில், ஓசைப்படாமல் போடுவதைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. கேள்விகள் சுலபமாகத்தான் இருந்தன. பாதியைத் தாண்டியிருந்தேன். வெளியே நாற்காலி நகர்ந்தது. துணி நைந்துபோயிருந்ததால் இந்த முறை கீச்சல் தெளிவாகவே கேட்டது. அதே செய்தி திரையில் வந்தது. "அத்தை" என்றேன், வாய்விட்டு. "அத்தை" என்று இன்னொரு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை. எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

அத்தை மரத்துப்போன காலை நீட்டிக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தார். "ஏட்டி, ஏன் எந்திரிச்சே? பரீட்சை போயிருமில்லா?" என் முதுகுக்குப் பின்னால் அது போய்விட்டிருந்தது.

"சத்தம் கேட்டுது அத்தை" என்றேன். "அதான் வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். நான் தரையில் உட்கார்ந்து, இறுகிக் கிடந்த சணலைப் பல்லால் கடித்து அறுத்து, நான்கு கால்களிலும் இருந்த துணியை அவிழ்த்தேன். அத்தை நாற்காலியைத் தூக்கவில்லை. கூடம் முழுக்க இழுத்துக்கொண்டே போய்ச் சுவரோரமாகப் போட்டார். அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.