அம்மாவின் ரத்த வகை

நான் பிறப்பால் சீனப் பெண். பிறந்த சில நாட்களிலேயே என்னை ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் என் வயதுக்காரர்களில் இப்படி வளர்ந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. தேக்கா சந்தையில் மீன்காரர் என்னிடம் மாண்டரினில் விலை சொல்வார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. பெற்றவரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் வளர்த்த அம்மா போய்விட்டார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆங் மோ கியோ வீட்டில் மகள் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். மரபுக் கலப்புகளில் எது எந்த வகை என்று குழம்பினாள். சத்தமாகச் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று என்னை எதிரே உட்கார வைத்தாள்.

"ஒரு குணத்த மட்டும் பாத்தா மோனோஹைப்ரிட். ரெண்டு குணத்தச் சேத்துப் பாத்தா டைஹைப்ரிட். செவப்புப் பூவும் வெள்ளப் பூவும் சேந்து ரோஸ் பூ வந்தா இன்கம்ப்ளீட் டாமினன்ஸ். ரெண்டுமே முழுசா தெரிஞ்சா கோடாமினன்ஸ், ஏபி ரத்தம் மாதிரி."

"அப்ப சீன அம்மாவுக்கும் தமிழ் அப்பாவுக்கும் பொறந்த நீ ரோஸ் பூவா?"

"மா, சீரியஸா இருங்க லா."

குடும்பத்தாரின் ரத்த வகையை எழுதப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நான்தான் நிரப்பினேன். எனக்கு ஓ. அம்மாவுக்கு ஏபி, மருத்துவமனை அட்டையில் எத்தனையோ முறை பார்த்தது. மகள் கட்டம் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள்.

"இது வராதும்மா. ஓ ஆளுக்கு அம்மா ஒரு ஓ, அப்பா ஒரு ஓ குடுத்திருக்கணும். ஏபிகிட்ட குடுக்க ஓவே இல்ல." பிறகு குரல் தணிந்தது. "இது பாட்டியோடதா?"

"அம்மாவோட அம்மான்னு போட்டிருந்துச்சு. எழுதிட்டேன்."

அவள் ரப்பரை எடுத்தாள்.

"அப்ப என்னப் பெத்த அம்மாவுக்கு என்னவா இருந்திருக்கும்?"

ஐம்பதை நெருங்கும் வயதில் முதல்முறையாக அதை வாய்விட்டுக் கேட்டேன்.

"ஏ, பி, ஓ, எதுவாவும் இருக்கலாம். ஏபி மட்டும் இல்ல. ஆனா உள்ள ஒரு ஓ கண்டிப்பா இருந்திருக்கும். அதத்தான் உங்களுக்குக் குடுத்திருக்காங்க."

அந்த மூன்று எழுத்துகளையும் பென்சிலால் அடுத்தடுத்து எழுதினாள். ஆசிரியர் திருத்தித் தந்ததும் தாள் எனக்கு வேண்டும் என்றேன்.

"எதுக்கும்மா? தப்பு நெறைய இருக்கும்."

இருக்கட்டும் என்றேன். அவரைப் பற்றி எழுதிய தாள் என்னிடம் வேறு இல்லை.