மாரியாயி வீட்டுச் சுவரின் நிறம்

மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் இருக்கிறது, மாரியாயி வேலை பார்க்கும் மேட்சிங் சென்டர். சேலையைக் கொண்டுபோனால் அதற்குச் சேரும் ரவிக்கைத் துணியை எடுத்துத் தருவார்கள். நான்கு பக்கமும் கூரைவரை அடுக்கு. ராணி பிங்க், வெங்காயத்தோல், மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. ஒவ்வொன்றிலும் பல சாயல்கள். மாரியாயி சேலையை ஒருமுறைதான் பார்ப்பார். கை நேராக ஓர் அடுக்குக்குப் போகும். ஆனால் அதோடு விடமாட்டார். சேலையையும் துணியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

"டியூப்லைட்டை நம்பாதீங்க மாமி. வெயில்ல பாருங்க."

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கோதைநாயகி மாமி ஒருநாள் இதற்குச் சிரித்துவிட்டார். "என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறச்சே உன்னை வாசல்ல நிறுத்தியிருக்கணும்டி மாரி. வெயில்ல ஒரு பார்வை பார்த்துச் சொல்லியிருப்பே."

மாரியாயியும் சிரித்துவைத்தார். அவருடைய மகள் தேவதர்ஷினி தானே தேடிக்கொண்ட மாப்பிள்ளையை வீட்டில் யாரும் வெயிலிலும் பார்த்ததில்லை, நிழலிலும் பார்த்ததில்லை. பையன் பெயர் ரெஜிஸ். ஓசூரில் இருவரும் ஒரே கம்பெனி. பதிவுத் திருமணம் முடித்துவிட்டுப் போனில் சொன்னபோது, அப்பா சின்னையன் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "இனிமே இந்த வாசல மிதிக்காத." அவ்வளவுதான். அதன்பிறகு அவரும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து மாரியாயி மட்டும் மகளோடு பேசுவார்.

சின்னையன் ஸ்ரீரங்கம் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் ஐப்பசியில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. முழுவதுமாகப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மிஞ்சியது. 'போலாம்'. வாழ்நாளெல்லாம் பின்னாலிருந்து கண்டக்டர் சொல்லக் கேட்ட சொல். பசித்தாலும் போலாம், வலித்தாலும் போலாம். மின்விசிறியை நிறுத்தச் சொல்வதற்கும் அதேதான்.

"எங்கடா போறது இவரை வெச்சுக்கிட்டு" என்று ஆரம்பத்தில் மாரியாயி அலுத்துக்கொண்டார். பிறகு அவரே அந்தச் சொல்லின் ஏற்ற இறக்கம் பார்த்து அர்த்தம் பிடிக்கப் பழகினார்.

தினமும் ஏதாவது பொருளைக் காட்டிப் பெயர் சொல்ல வையுங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். மாரியாயிக்குக் கையில் கிடைத்தது துணி. கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். எடமலைப்பட்டி புதூர் வீட்டில், கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுவார்.

"இது என்னங்க கலரு? சிவப்பு. எங்க, சி..."

"போலாம்."

"சிவப்பு எங்க போகும்?"

கார்த்திகை முடியும்போது ஒருநாள், ஒரு துண்டைக் கண்டதும் சின்னையன் இடது கையால் பிடுங்கிக்கொண்டார். நீலமும் இல்லாத பச்சையும் இல்லாத நிறம். மயில்கழுத்தில் பாலை ஊற்றி, அதில் ஒரு சிட்டிகை சாம்பலும் விழுந்தாற்போல. கடையில் அதற்குப் பெயர் கிடையாது, கேட்டு வருபவர்களும் குறைவு. அவர் அதை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, உள்ளங்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீளமாக இழுத்தார். பிறகு மணிக்கட்டைச் சற்று நிமிர்த்தினார். மறுபடியும் இழுத்தார். "போலாம், போலாம்" என்றார்.

அடுத்த நாளும் அதே துண்டு, அதே கை.

மாரியாயி சுவரைப் பார்த்தார். கட்டிலை ஒட்டிய சுவர், மழைநீர் இறங்கிப் பழுப்பு வரி வரியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் நாள் முழுக்கப் படுத்திருக்கிறார். பொங்கலுக்கு எப்படியும் வெள்ளையடிக்க வேண்டும். நீளமாக இழுக்கும் கை, பிரஷ் பிடித்த கை. மணிக்கட்டை நிமிர்த்துவது, டப்பாவில் தோய்ப்பது.

"செவுத்துக்கு இந்தக் கலர் அடிக்கணுமா? அதானா?"

"போலாம்."

அன்று மாரியாயிக்கு வந்த சந்தோஷத்தைக் கடையில் கூட வேலை செய்யும் அஃப்ஷீன் இன்றும் சொல்வாள். "அக்கா அன்னைக்கு எல்லா கஸ்டமர்கிட்டயும் இதையே சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் கலர் கேட்டுட்டாருன்னு. யாருக்கும் ஒண்ணும் புரியல."

பெயின்ட் கடையில் ஷேடு கார்டை வாசலுக்குத் தூக்கிவந்து, துணியோடு வைத்துப் பார்த்து, கலக்கச் சொன்னார். பக்கத்துத் தெரு செல்லக்கண்ணு வந்து மார்கழியில் அடித்து முடித்தார். காய்ந்ததும் கட்டிலைப் பழையபடி சுவரோரம் நகர்த்தினார்கள். சின்னையன் சுவரை வெகுநேரம் பார்த்தார். இடது உள்ளங்கையை அதில் வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தார்.

"பிடிச்சிருக்குக்கா அவருக்கு" என்றார் செல்லக்கண்ணு.

சின்னையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். ஆனால் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அன்றும் மறுநாளும் பொங்கலன்றும் அதே இடத்தில் அதே கை. சாயல் தவறிவிட்டதோ என்று மாரியாயி துணித் துண்டை ஜன்னலோரம் பிடித்துச் சுவரோடு ஒப்பிட்டார். ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. பிறகு ஏன் இந்த அழுகை?

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேலையின் அடியோரத்தில் தைக்கும் ஃபால்ஸ் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு சுருங்கும். கடைக்கான ஃபால்ஸை மாரியாயி வீட்டில்தான் தேய்ப்பார். கட்டிலுக்கு எதிரே தரையில் போர்வையை விரித்து, அயர்ன் பாக்ஸை நீளமாக இழுத்தார். துணியைத் திருப்பிப் போடுவதற்காகப் பாக்ஸை நிமிர்த்தி நிற்க வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். சுவரில் சின்னையனின் கையும் இழுத்து, நின்று, மணிக்கட்டை நிமிர்த்திக்கொண்டிருந்தது.

யாரும் பிரஷை நிமிர்த்தி நிற்க வைப்பதில்லை.

ஸ்ரீரங்கத்தில் தேவதர்ஷினி கல்லூரி படித்த மூன்று வருஷமும் யூனிஃபார்ம் தேய்த்துக் கொடுத்தவர் சின்னையன். காலை டூட்டிக்குக் கிளம்பும் முன் சுடிதார் ஷாலின் ஓரத்திலிருந்து ஆரம்பிப்பார். பிறகு அவர் ஓட்டும் பஸ்ஸிலேயே, அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து அவள் போவாள். அந்த ஷால் வாங்கும்போது பளிச்சென்ற மயில்கழுத்து. துவைத்துத் துவைத்துக் கடைசி வருஷம் இந்த நிறத்துக்கு வந்திருந்தது. மாரியாயிக்குப் புதுத் துணியின் நிறங்கள்தான் மனப்பாடம். வெளுத்ததை அவர் மேட்ச் பார்த்ததே இல்லை.

"தர்ஷினியையா கேட்டீங்க?"

"போலாம்" என்றார் சின்னையன். இந்த முறை அதில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

மாரியாயி கடை நேரத்துக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா உன்னை வரச் சொல்றாரு."

"பேசவே முடியலன்னு சொன்ன. எப்படிம்மா சொன்னாரு?"

சுவர், துணி, கை எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னார்.

"நீயா நினைச்சுக்காதம்மா. வரவேணாம்னு அவர் வாயால சொன்னாரு. நான் வந்து அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"போட்டோ அனுப்புறேன். பாரு. உனக்கே தெரியும்."

வெளியே இருட்டியிருந்தது. டியூப்லைட்டில் எடுத்து அனுப்பினார். பதில் வந்தது: "சாம்பல் கலரா இருக்கு. என் யூனிஃபார்ம் இப்படியா இருந்துச்சு?"

வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் சொன்னதைத் தான் மறந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார். வெயில் ஜன்னலில் விழுந்ததும் மறுபடி எடுத்து அனுப்பினார். வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது. "பஸ் ஏறிட்டேன்."

அவள் சேலம் தாண்டுவதற்குள் சின்னையனுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்துவிட்டது. தெருமுனை டாக்டர் வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். கண் மட்டும் திறந்திருந்தது. அந்த ஒரு சொல்லும் போய்விட்டது.

சாயங்காலம் தேவதர்ஷினி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். மாரியாயிதான் கையைப் பிடித்து இழுத்துவந்தார். வீட்டை விட்டுப் போனபோது அவள் பையில் என்ன எடுத்துப்போனாள் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஷால் அதில் இருந்திருக்கிறது. அதை எடுத்து அப்பாவின் இடது கைக்கு அடியில் விரித்தாள். சுவரும் ஷாலும் ஒரே நிறம்.

"அப்பா. நான்தான். கசங்கிக் கிடக்கு பாருங்க."

அவர் கண்கள் அவளைத் தாண்டி எங்கோ இருந்தன. கை அசையவில்லை.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஷாலின் ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கடைசியில் கையைச் சற்று நிமிர்த்தினாள். மறுபடியும் இழுத்தாள். மாரியாயி சமையலறைக்குப் போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

துக்க வீட்டில் ஒரு வருஷம் வெள்ளையடிப்பதில்லை. வருஷம் திரும்பியதும் செல்லக்கண்ணு வந்து சுவர்களைப் பார்த்தார். கட்டில் இருந்த இடத்துக்கு மேலே, ஒரு கையகலம், பெயின்ட் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"இந்த எடத்தை மட்டும் விட்டுட்டு அடிச்சுடலாமா?" என்று கேட்டார் மாரியாயி.

"அதே கலரை வாங்குனாலும் பழசும் புதுசும் சேராதுக்கா. திட்டாத் தெரியும்."

"தெரியும்" என்றார் மாரியாயி. "அப்ப அந்தச் செவுரைத் தொடாதீங்க. மத்த மூணையும் அடிங்க."