ஒரே அளவாக யோசித்த எதிராளி

கோமதி போய்விட்டாள் என்று போன செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மகன் சொன்னான். போனை வைத்துவிட்டு, உடனே திரும்ப அவன் எண்ணுக்கே அடித்து, "நீதானேப்பா பேசினே?" என்று கேட்டேன். அவன் அழுதுகொண்டிருந்தான். அவனிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் யார் எந்தச் செய்தியைச் சொன்னாலும் இன்னொரு தடவை சரிபார்க்கச் சொல்லி என்னைப் பழக்கிவிட்டவளே அவள்.

திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் கோமதியும் எழுபதுகளின் நடுவில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பட்டன் தட்டினால் ஊர் கிடைக்காத காலம். யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் எங்கள் கையால்தான் இணைப்பு. வெளியூர் லைனைச் சொருகிவிட்டு, சாவி என்று நாங்கள் சொல்லும் சின்ன விசையைச் சாய்த்தால் இரண்டு பக்கப் பேச்சும் காதில் விழும். நினைத்தால் ஊரின் ரகசியம் முழுக்கத் தெரிந்துகொள்ளலாம்.

கோமதி எதையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டாள். பால்காரர் கண் எதிரே கறந்து ஊற்றினாலும் சொம்பைச் சாய்த்துப் பார்ப்பாள். ஒரு நாள் ஒருவர் போனில் வந்து, தான் போலீஸ் அதிகாரி என்றும், மண்டித்தெரு வியாபாரி ஒருவர் அந்த வாரம் எந்தெந்த ஊருக்குப் பேசினார் என்று சொல்ல வேண்டும் என்றும் அதட்டினார். கோமதி நிதானமாக, "நேர்ல வாங்க சார், எழுத்துல குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். யாரும் வரவில்லை. கேட்டவர் இன்னொரு வியாபாரி என்பது பின்னால் தெரிந்தது. அவள் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. "காதுல விழுறது வேற, காதை வைக்கிறது வேற" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு செஸ் சொல்லிக்கொடுத்தது அவள் அண்ணன். அடி அண்ணாமலையில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கிணற்று மேட்டில் வழுக்கிக் கால் முறிந்து அண்ணன் படுத்திருந்தபோது, பொழுது போகாமல் தங்கையை எதிரே உட்காரவைத்தார். கால் கூடி நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு ஆட்டம்கூட அவளிடம் அவர் ஜெயிக்கவில்லை. எதிராளி ஒரு காயை நகர்த்தினால் எதற்காக நகர்த்தினான் என்று அவளுக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். செஸ்ஸுக்கு அதுதானே வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தேரடித் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஏகாம்பரம், கடைக்குப் பின்கட்டில் ஒரு செஸ் வட்டம் நடத்தினார். அதில் இருந்த ஒரே பெண் கோமதி. வருஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து ஊர் வட்டத்தோடு போனிலேயே ஆட்டம் நடக்கும். இங்கிருந்து ஒரு நகர்த்தலைச் சொன்னால், அவர்கள் யோசித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுப் பதில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த லைன் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும்.

எப்போதும் நம்மிடம் தோற்கிற அந்த ஊர்க்காரர்கள் ஒரு வருஷம் ஏகாம்பரத்தை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோற்கடித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து செஸ் ஆடும் மெஷின் கொண்டுவந்திருக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மெஷினாவது செஸ் ஆடுவதாவது என்று பாதிப் பேர் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தைத் தான் ஆடுவதாகச் சொன்னாள். எக்ஸ்சேஞ்சுக்காரி லைனில் ஒட்டுக்கேட்டு ஜெயித்தாள் என்று நாளைக்குப் பேச்சு வரும் என்று ஏகாம்பரம் தயங்கினார். அரை மனதோடுதான் ஒத்துக்கொண்டார்.

மறு வருஷம் ஆட்டம் நடந்த ஞாயிறன்று காலை டியூட்டி எனக்கு. முதல் நாளே கோமதி என்னிடம் வந்தாள். "லைனைக் குடுத்ததும் சாவியை நிமுத்திடு வசந்தா. ஒரு வார்த்தை நீ கேட்டாலும், நான் ஜெயிச்சது ஜெயிச்ச மாதிரி ஆகாது."

நான் கேட்கவில்லை. ஆனால் சுவரில் கடிகாரம் இருந்தது. நம் பக்கத்திலிருந்து கோமதி சில சமயம் உடனே கூப்பிட்டாள், சில சமயம் நெடுநேரம் சத்தமே இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒவ்வொரு பதிலும் ஒரே அளவு இடைவெளி விட்டு வந்தது. கோயிலில் பூஜை மணி அடிப்பதுபோல் பிசகாமல் வந்தது. டியூட்டி முடிந்ததும் நேரே தேரடித் தெருவுக்குப் போனேன். வாயைத் திறக்கும் முன்பே கோமதி கையைக் காட்டி, "நீ அங்க பார்த்தது எதையும் இங்க சொல்லாதே" என்று நிறுத்திவிட்டாள்.

அவளாகவே ஒரு சோதனை வைத்தாள். தன் குதிரையால் அவர்கள் குதிரையை வெட்டினாள். பதிலுக்கு அவர்கள் சிப்பாயால் அவள் குதிரையை வெட்டியே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது. அதற்கும் யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டு, அதே இடைவெளி விட்டுக் கூப்பிட்டார்கள்.

கோமதி ஏகாம்பரத்தைப் பார்த்தாள். "தட்டுல விழுந்த இட்லியை எடுக்க யாராவது இவ்வளவு நேரம் யோசிப்பாங்களா?"

ஏகாம்பரம் கொதித்துப்போனார். இப்போதே கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கிறேன் என்று போனை எடுத்தார். கோமதி விடவில்லை. இப்போது கேட்டால், தோற்கப் போகிறோம் என்று பயந்து பழி போடுவதாகத்தான் சொல்வார்கள் என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆடிய விதமே மாறிவிட்டது. எதையும் வெட்டவில்லை. சிப்பாய்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, எதிராளியின் சிப்பாய்களோடு முட்டி நிற்கும்படி வைத்தாள். பலகைக்கு நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிட்டது. அவர்களுடைய யானை மூலைக்குப் போனது, திரும்பி வந்தது, மறுபடி மூலைக்குப் போனது. டிரா என்று முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டு அனுப்பினாள். அதற்குப் பதிலே இல்லை. யானை மறுபடி நகர்ந்த செய்திதான் வந்தது.

காபி கொண்டுவந்த ஏகாம்பரத்தின் மனைவி, இது எப்போதுதான் முடியும் என்று கேட்டார். "மனுஷனுக்குப் பசிக்கும், சலிக்கும், வெட்கமா இருக்கும். அதனாலதான் நம்ம ஆட்டமெல்லாம் முடியுது. அதுக்கு இது ஒண்ணும் இல்லீங்களே" என்றாள் கோமதி.

வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு பதில் வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. வெகுநேரம் காத்திருந்தோம். லைன் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு மணி அடித்தது. அவர்கள் தங்கள் குதிரையை அவளுடைய சிப்பாய்ச் சுவரின்மேல் கொண்டுபோய்ப் பலி கொடுத்திருந்தார்கள். கோமதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அந்தக் குதிரையை வெட்டியதும் அடுத்த பதில் உடனே வந்தது. அதற்கடுத்தது தாமதமாக வந்தது. சுவர் உடைந்து, ஆட்டம் பலகை முழுக்கப் பரவிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் கோமதி தோற்றாள். தானே கூப்பிட்டு, தோல்வியை ஒப்புக்கொள்வதாகச் சொன்னாள்.

யாரும் அவளோடு பேசவில்லை. இவள் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாள் என்று அடுத்த வாரமே பேச்சு கிளம்பியது. "அந்த ஊர் ஆபரேட்டருங்க எல்லாம் அந்தம்மாவுக்கு சிநேகிதம்தானே?" என்று ஏகாம்பரம் கேட்டது என் காதுக்கே வந்தது. அதற்குப் பிறகு வட்டத்துக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. போய்ச் சண்டை போடு என்றேன். "ஊரையே சந்தேகப்படுறவ நான். என்னை நாலு பேர் சந்தேகப்பட்டா கோவிச்சுக்கிறது நியாயமா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் வீட்டில் செஸ் பலகையைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும். கீழே இறக்க வருஷங்கள் ஆயின.

அவள் குடும்பம் வேங்கிக்கால் பக்கம் புதிதாக வீடு கட்டிப் போன பிறகு, ஒரு பௌர்ணமியன்று ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். பெயர் சபாபதி, அன்று போனில் எதிர்த்து ஆடிய பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். நானும் அன்று அங்கே இருந்தேன். மலை சுற்ற வந்ததாகவும், வந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். அன்றைக்கு மாலைவரை ஆடியது மெஷின், அதற்குப் பிறகு தானே சொந்தமாக ஆடியதாகச் சொன்னார். "எனக்கே அசிங்கமா போச்சும்மா. நான்தான் அதை ஓரமா வெச்சுட்டேன்."

கோமதி அவர் பக்கம் திரும்பினாள். "வெச்சுட்டீங்களா, இல்ல கரண்ட் போச்சா?"

சபாபதியின் முகம் சிவந்துவிட்டது. கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கரண்ட் போச்சுதான். அதுக்கப்புறம் வந்துச்சு. எல்லாரும் மெஷினைப் போடச் சொன்னாங்க. நான்தான் போடலை."

"அதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன்" என்றாள் கோமதி. மகனைக் கூப்பிட்டுப் பரண்மேல் இருந்த பலகையை எடுத்துவரச் சொன்னாள். அன்று சபாபதி மலை சுற்றக் கிளம்பியபோது நிலா நன்றாக மேலே ஏறியிருந்தது. அவரை அழைத்துப்போய் ஏகாம்பரத்திடம் நிரூபிக்கலாமே என்றேன். சாட்சி கூட்டிக்கொண்டு போனால் அதையும் ஜோடனை என்பார், விட்டுவிடு என்றாள்.

அவளை நினைத்தால் தோற்ற அன்று நாங்கள் வீட்டுக்கு நடந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளோ வழியெல்லாம் அந்தக் குதிரைப் பலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் விரலால் கட்டம் போட்டு, எங்கே குதிரை வந்தது, எங்கே தன் சுவர் இடிந்தது என்று காட்டினாள். பஸ் ஸ்டாண்டு எதிரே ஜனங்கள் இடித்துக்கொண்டு போக, அவள் நடு ரோட்டில் நின்றுவிட்டாள். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"கடைசியில ஆடினது ஆளுதான் வசந்தா" என்றாள். "அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.