ஊரடங்கில் தங்கச்சி கூட்டிவந்த பிள்ளை

என் தங்கச்சியின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கு வணக்கம். வயதில் எனக்கு மிகவும் இளையவர் என்றாலும் அவரை மரியாதையாகவே எழுதுகிறேன். அந்த மரியாதை அவர் தேடிக்கொண்டது.

மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்தார். இனக்கலவரத்துக்குப் பயந்து எங்கள் குடும்பம் வன்னிக்கு வந்தபோது அவர் பாவாடை கட்டிய சிறுமி. துணுக்காய்ப் பக்கம் காடு வெட்டிக் குடியிருந்தோம். கூலிவேலை செய்தோம், பிறகு சொந்தமாக நெல் விதைத்தோம். யுத்தத்தில் கணவரை இழந்த பின், பிள்ளைகளும் இல்லாதபடியால், மல்லாவியில் என்னோடு வந்து இருந்தார். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஊரார் குடும்பத்துக்குள் உனக்கென்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். கேட்டவர்களின் வீட்டுப் பிள்ளைகளும் பின்னாளில் அவரைத் தேடி வந்தார்கள். தங்கச்சி அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் இத்தோடு விடுகிறேன்.

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டதும் நிலையத்தைப் பூட்டினார்கள். அதன் தொலைபேசி எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்பெல்லாம் புருஷன் வேலைக்குப் போனபின் பெண்கள் வந்து கதைப்பார்கள். இப்போது அந்த மனிதரும் நாள் முழுக்க வீட்டில். சாராயத் தவறணை பூட்டியதால் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் வீட்டுக்கே வந்தது. சில பெண்கள் கிணற்றடியில், துணி தோய்க்கும் சத்தத்துக்குள் கதைத்தார்கள். சிலருடைய மூச்சு மட்டும்தான் கேட்டது. தங்கச்சி குசினியில் கதிரை போட்டு இருந்து அதற்கும் காது கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் தொலைபேசியில் காசில்லாதவர் மிஸ் கோல் விடுவார், மற்றவர் திருப்பி எடுப்பார். நிலையத்திலும் அதுதான் பழக்கம். கலியாணம் கட்டிய ஒரு இளம் பிள்ளை மிஸ் கோல் விட்டது. அவளின் ஊர்ப் பேரை நான் இங்கே எழுதவில்லை. தங்கச்சி உடனே திருப்பி எடுத்தார். புருஷன் எடுத்துவிட்டான். இவர் பேச்சு வராமல் வைத்துவிட்டார். பேசாமல் வைத்த ஆள் யார் என்று கேட்டு அவன் அடித்த அடியில் பிள்ளையின் கை முறிந்தது. செய்தி வந்த அன்று தங்கச்சி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நான் எடுத்ததாலதானே அக்கா."

அதன் பிறகு ஆண்குரல் கேட்டால், மாதர் சங்கத்தில் கோழிக்குஞ்சு கொடுக்கிறோம், வீட்டில் அம்மா நிற்கிறாவா என்று விசாரிப்பார். இரண்டொரு புருஷன்மார் குஞ்சு எப்போது வரும் என்று எங்கள் வாசற் படலைக்கே வந்து நின்றார்கள். கொரோனாவால் இன்னும் பொரிக்கவில்லை என்று சமாளித்து அனுப்பினார்.

கை முறிந்த பிள்ளையை அந்த வீட்டிலிருந்து எப்படியும் வெளியே எடுக்க வேண்டும். பாதுகாப்பு இல்லத்தில், இரண்டு கிழமை, பதினாலு நாள், தனித்திருந்து வந்தால்தான் ஏற்போம் என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, உள்ளே வேறு தாய்மாரும் குழந்தைகளும் இருந்தார்கள். ஆனால் தனித்திருக்க எங்கே இடம்? வயல்காரரை மட்டும் ரோட்டில் விட்ட காலம் அது. தங்கச்சி மண்வெட்டியும் உரப்பையுமாகத் தெரிந்த ஒருவரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போனார். அந்தப் பிள்ளை வீட்டைவிட்டு எப்படி வெளிக்கிட்டது என்று எழுதினால் உதவியவர்களுக்குக் கரைச்சல். பின்னேரம் பிள்ளையும் இரண்டு குழந்தைகளும் எங்கள் படலையில் இறங்கினார்கள்.

தங்கச்சி உள்ளே வரவில்லை. "கொரோனா வருத்தம் வந்தா முதல்ல உங்களுக்குத்தான் அக்கா. வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ" என்றார். எனக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது.

"முதல்ல பிள்ளையளுக்குத் தேத்தண்ணி ஊத்து" என்றேன்.

சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. வந்து, தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று படலையில் கடதாசி ஒட்டினார். அயலார் கிணற்றுப் பக்கம் வரவேண்டாம் என்றார்கள். தலை நிமிர்ந்து வாழ்ந்த எனக்கு அது பெரிய அவமானம். ஆனால் விசாரித்துத் தேடி வந்த அந்தப் புருஷன், படலையைப் பிடித்தவன், கடதாசியை வாசித்ததும் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு பின்னுக்குப் போனான். ரோட்டில் நின்று ஏசினான். "உள்ள வாங்கோ தம்பி, இருந்து கதைப்பம்" என்று தங்கச்சி கூப்பிட்டார். அவன் வரவில்லை. இரண்டு கிழமை முடிந்து பிள்ளையை இல்லத்தில் சேர்த்த பிறகும், கடதாசியைக் கழற்ற வந்த பி.எச்.ஐ.யிடம், அது மழைக்குத் தானாக விழட்டும் ஐயா என்றார் தங்கச்சி.

எல்லோரையும் அப்படி எடுக்க முடியவில்லை. ஒரு பெண் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கோல் நின்றது, பிறகு வரவே இல்லை. சிறுநீரக வருத்தத்தோடு வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும் தங்கச்சி அந்தக் குரலைப் பற்றியே கேட்டார்.

செத்தவீட்டுக்கு வந்து வாய்க்கரிசி போட வேண்டுமென்று கை முறிந்த பிள்ளை அழுதாள். வரவேண்டாம் என்று நான்தான் மறித்தேன். நினைத்தது போலவே அவளின் புருஷன் வந்தான். பந்தலில் சோடா குடித்தான். பிறகு என் பக்கத்தில் வந்து குந்தி, "அம்மா, அவள் வந்தவளோ?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எனக்குக் கண் தெரியிறேல்லைத் தம்பி. நீ ஆரெண்டும் தெரியேல்லை" என்றேன்.

பாடை தூக்கியவர்களுக்கும், மூன்று நேரமும் சமைத்துத் தந்த அந்த அயலாருக்கும், ஆஸ்பத்திரியில் அன்பாகப் பார்த்த தாதிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வேறும் சிலர் இருக்கிறார்கள். இந்த மலர் எவர் கைக்கும் போகும் என்பதால் அவர்களின் பேரைப் போடவில்லை. கோபிக்கமாட்டார்கள்.

அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகின்றன. எங்கே என்பது தங்கச்சிக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரியும். இதை வாசிப்பவர்களில் ஒருவர் அதைத் தேடித்தான் வாசிக்கிறார் என்றால், என் வீட்டுப் படலைக்கு வந்து கேட்கட்டும். நான் இருக்கும்வரை சொல்லமாட்டேன்.