அண்ணனின் பவர் டில்லரும் அழிந்துபோன நம்பரும்

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்றுமேட்டு வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தவர் அண்ணன். இரண்டு வருடம் கழித்து நான் பிறந்தேன். குடும்பத்துக்கு வந்த நஷ்டங்களை எழுதினால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஏர் பிடித்தார். தம்பியைப் படிக்கவைத்தார். படித்தவன் செய்த காரியத்தைக் கீழே காணலாம்.

ஏழெட்டு வருடங்களுக்கு முன், சேலத்துப் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஜப்பான் பவர் டில்லர் ஒன்றை வாங்கி வந்தார். அதற்காக உழவு மாடுகளை விற்கச் சொன்னபோது அப்பாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தார்: “தக்காளி நாத்து முத்தறதுக்குள்ள இது ஓடும்ப்பா. ஓடலைன்னா நானே நுகத்தடியில நிக்கறேன்.”

எஞ்சினைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஓட வைத்துவிட்டார். மண்ணைக் கிளறும் பகுதியில் ஒரு கியர் மட்டும் பல் உடைந்திருந்தது. புதிது வாங்க வண்டியின் நம்பர் வேண்டும். அது வண்டிமேல் அறைந்திருந்த பித்தளைத் தகட்டில் மட்டும்தான் இருந்தது.

அந்த நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. வண்டியைத் துடைத்துப் பொட்டு வைக்க அண்ணன் என்னிடம் சொன்னார். நான் படித்தவன், துடைப்பதோடு நிற்பேனா? உப்புத்தாள் போட்டுத் தகட்டை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன். முகம் தெரிந்தது. நம்பர் தெரியவில்லை.

அப்பா பார்த்துவிட்டார். “எவன்டா இதத் தேச்சது?”

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கும் உத்தேசமும் இல்லை.

“நான்தாம்ப்பா,” என்றார் அண்ணன். “பளபளன்னு இருக்கட்டுமேன்னு...”

“மாட்டையும் வித்துட்ட, நம்பரையும் தேச்சிட்ட. பெரிய பாலீசுடா நீ!”

அன்று முதல் உறவில் எல்லோருக்கும் அவர் பாலீசு.

சேலத்திலும் தருமபுரியிலும் கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். “நம்பர் இல்லாம எந்தப் பெட்டியத் தொறந்து தேடறதுங்க?” நாற்றங்காலில் நாற்று ஒரு சாணைத் தாண்டியது. அப்பா அண்ணனோடு பேசுவதை நிறுத்தினார்.

அண்ணன் உடைந்த கியரில் கிரீஸ் தடவி, வெள்ளைத்தாள்களில் ஒற்றி, பஸ் கண்டக்டர்கள் மூலம் ஊர் ஊராக லேத் பட்டறைகளுக்கு அனுப்பினார். நான்காம் நாள் பாலக்கோட்டிலிருந்து ஒரு பட்டறைக்காரர் துணிப்பையோடு வந்து இறங்கினார்.

“இதே வண்டி எங்கிட்ட ஒடஞ்சு கெடக்குதுங்க. தாள் மேல வெச்சுப் பாத்தேன், பல்லுக்குப் பல்லு ஒக்காந்துச்சு. இங்க பாலீசுங்கறது யாருங்க? கண்டக்டரு அந்தப் பேரத்தான் சொன்னாரு.”

பக்கத்தில் நான் நின்றிருந்தேன். “நான்தானுங்க,” என்றார் அண்ணன்.

மறுநாள் வண்டி ஓடியது. அப்பா செருப்பில்லாமல் அதன் பின்னாலேயே நடந்து, மண்கட்டியை மிதித்துப் பார்த்தார். நாற்று கொஞ்சம் முற்றியிருந்தாலும் பிழைத்துக்கொண்டது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் அண்ணன் கடைசியாகப் படுத்திருந்தபோது கேட்டேன்: “அப்பாகிட்டச் சொல்லிடட்டுமாண்ணா?”

“எதுக்குடா? அவருக்கு அந்தப் பேரு வாய்ல பழகிப்போச்சு.”

துக்கத்துக்கு வந்தவர்கள்கூட “பாலீசு போயிட்டாரே” என்றுதான் அழுதார்கள்.

அந்த நாட்களில் ராப்பகலாகத் துணையிருந்த உறவினர்களுக்கும், பாலக்கோட்டிலிருந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த பட்டறைக்காரருக்கும், தாள்களைக் கொண்டுபோன கண்டக்டர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு இதை அண்ணி படித்துக் காட்டுவார். அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்: தகட்டைத் தேய்த்தவன் நான்.

அந்தப் பெயர் சும்மா கிடக்க வேண்டாம். இனி என்னை அப்படிக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.