நிபியா விற்கும் உதவாத சாமான்கள்

“பொய்யன்” என்று சொல்லிக்கொண்டேதான் நிபியா தெச்செரா ஒவ்வொரு பெட்டியையும் திறப்பாள். பெட்டிக்கு ஒரு தடவை. கிரீஸ் துணியைப் பிரித்து, உள்ளே இருக்கும் கார்ப்பரேட்டரையோ டைனமோவையோ தார்ப்பாயில் வைப்பாள். மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டியதை அளப்பாள். அளவு சரியாக இருக்கும். அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். “கிழட்டுப் பொய்யன்.”

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, மோந்தெவிதேயோ நகரின் பியெத்ராஸ் பிளாங்காஸ் பழைய சாமான் சந்தையில் இது நடக்கும். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. சந்தையில் அவளை எல்லோரும் ‘ஒல்லி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மற்ற ஆறு நாளும் இறைச்சி ஆலையில் கம்ப்ரஸர் அறை அவள் பொறுப்பு. ஆலையில் கொடுத்த வெள்ளைப் பஞ்சுக் கோட்டையே சந்தைக்கும் மாட்டிக்கொண்டு வருவதால், புதிதாக வருகிறவர்கள் விலா எலும்பு கிலோ என்ன விலை என்று கேட்டுவிடுகிறார்கள்.

“மனுஷ விலாதான் இருக்கு. வெட்டவா?”

பேரம் கிடையாது. விலையை அட்டையில் எழுதி, பக்கத்தில் அளவையும் எழுதி வைத்திருப்பாள். யாராவது குறைத்துக் கேட்டால், “அட்டைய வாசிங்க. வாசிக்கத் தெரியலன்னா தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுச் சூடான மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சப் போய்விடுவாள். சுரைக்குடுவை காலியாகும் வரை முகத்தைத் திருப்ப மாட்டாள்.

விற்கிற பணமெல்லாம் ஒரு இன்ஜினுக்குப் போகிறது. சாதாரண இன்ஜின் இல்லை. ஒரே உருளைக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து முட்டப்போய் முட்டாமல் திரும்பும். அதனால் உருளைக்கு மூடி கிடையாது. ஆலையில் வருஷக்கணக்கில் மூடியில் கசிவதைப் பார்த்து வெறுத்துப்போனவள் இருபத்தொன்பதாவது வயதில் வரைந்த வரைபடம் அது. இப்படி இரண்டு உருளைகள் பக்கம் பக்கமாக. பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்க முனைக்கு ஒன்றாக இரண்டு கிராங்க் தண்டுகள். இரண்டும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டும். உருளைகள் முடிந்துவிட்டன. பிஸ்டன்கள் முடிந்துவிட்டன. கிராங்குகள் மட்டும் பாக்கி.

“அது எதை இழுக்கப்போவுது, ஒல்லி?” என்று பக்கத்துக் கடை போச்சோ கேட்பார். பழைய குழாயும் கதவுக் கைப்பிடியும் விற்கிற எழுபது வயதுக்காரர். அவள் அப்பாவின் சிநேகிதர்.

“ஒண்ணையும் இழுக்காது. ஓடும்.”

“சும்மாவா?”

“நீங்க சும்மாதான உக்காந்திருக்கீங்க. யாராச்சும் கேட்டாங்களா?”

அவள் அப்பா எலாதியோ மே மாதம் இறந்தார். கொட்டகையில், கையில் எண்ணெய்த் துணியோடு. நிபியாதான் பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். வருகிற வரை அவர் கையிலிருந்த துணியை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் விடவில்லை. இதை ஒரே ஒரு தடவை போச்சோவிடம் சொன்னாள். மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கொட்டகை நிறைய பழைய கார்ச் சாமான்கள். கச்சீலா என்று இந்த ஊர் செல்லமாகச் சொல்லும் கிழட்டுக் கார்களுக்கானவை. ஐம்பது வருஷச் சேகரம். ஒவ்வொன்றிலும் கம்பியால் கட்டிய அட்டை, அவர் கையெழுத்தில். சிலவற்றில் ‘நல்லது’. சிலவற்றில் ‘உதவாது’. உயிரோடிருந்தவரை ஒரு ஸ்பிரிங்கைக்கூட விற்க விட்டதில்லை. மகளின் இன்ஜினுக்கென்று கொட்டகையில் ஒரு மூலை கேட்டபோதும் கொடுத்ததில்லை. வரைபடத்தைப் பார்ப்பார், மடிப்பார், திருப்பிக் கொடுப்பார். “உதவாது.” இருபத்திரண்டு வருஷமும் அந்த ஒரே சொல்தான்.

ஜூன் மாதம் நிபியா முறையாக வேலையைத் தொடங்கினாள். படித்தவள் இல்லையா? முதலில் தரம் பிரித்தாள். ‘உதவாது’ எல்லாம் ஒரு பக்கம், ‘நல்லது’ எல்லாம் ஒரு பக்கம். உதவாதவை பதினொரு பெட்டி. இரும்புக்கடை லாரியை வரவழைத்து எடைக்குப் போட்டாள். நல்லவற்றைக் கொண்டுவந்து சந்தையில் விரித்தாள்.

உள்ளூர்க்காரர் யாரும் வாங்கவில்லை. தொப்பி வைத்த கிழவர்கள் வருவார்கள், குனிவார்கள், அட்டையைப் படிப்பார்கள், நிமிர்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “எலாதியோவோட உதவாதது ஏதாச்சும் இருக்கா, கண்ணு?”

கேலி என்றே அவள் நினைத்தாள். செத்த மனிதரின் பொருளைக் கேலி செய்கிறார்கள், அதுவும் மகளின் முகத்துக்கு நேராக.

“உதவாதது இங்க நான் ஒருத்திதான். தூக்கிட்டுப் போறீங்களா? வாயப் பொத்திக்கிட்டு நடங்க!”

இப்படி நான்கு ஞாயிறு விரட்டினாள். ஐந்தாவது ஞாயிறு ஒரு டாக்ஸிக்காரர் வந்து, முந்தின வாரம் வாங்கிய தண்ணீர் பம்ப்பைத் தார்ப்பாயில் டமாலென்று போட்டார். ‘நல்லது’ அட்டை அதில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, உனக்கு வெக்கமா இல்ல? அசலூருக்காரன், தெரியாம வாங்கிட்டேன். இப்பதான் சொல்றாங்க. எலாதியோ ‘நல்லது’ன்னு எழுதினதப் போய் மனுஷனுக்கு விப்பியா?”

நிபியாவுக்குப் புரியவில்லை. போச்சோவுக்குப் புரிந்தது. சிரித்த சிரிப்பில் பிளாஸ்க்கிலிருந்த வெந்நீர் மடியில் கொட்டியது. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

“ஒல்லி… நெசமாவே உனக்குத் தெரியாதா?”

வெளிநாட்டுச் சாமான் வராத வருஷங்களில் தொடங்கிய பழக்கம் அது. ஒரு பால்பேரிங் கிடைக்காமல் கார்கள் மாதக்கணக்கில் நின்றன. மச்சான் வருவான், பக்கத்து வீட்டுக்காரன் வருவான், இரவல் கேட்பான். அண்டை வீட்டானுக்கு இல்லை என்று சொல்ல எலாதியோவுக்கு வாய் வராது. ஆகவே தேறுவதில் எல்லாம் ‘உதவாது’ என்று கட்டினார். தேறாததில் ‘நல்லது’. மச்சான் நல்லதைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போவான்.

“சந்தைக்கே தெரியும். ஒனக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன். வீட்ல ஒரு தடவகூடவா சொல்லல?”

“பதினோரு பெட்டி” என்றாள் நிபியா.

“என்ன பதினோரு பெட்டி?”

“எடைக்குப் போட்டுட்டேன்.”

போச்சோ குடுவையைக் கீழே வைத்தார். “அந்த ரெட்டைச் சிலிண்டர் ஜெர்மன் காரு கிராங்கு ரெண்டு இருந்துச்சே. ஜோடி. அதுவுமா?”

ஒரே அச்சில் வார்த்ததுபோல் இரண்டு. அதற்காகத்தான் மூன்று மாதமாகச் சந்தை சந்தையாக அலைந்துகொண்டிருந்தாள். அன்று அவள் கத்தியதை வேலிக்கு அப்பால் காய்கறி விற்கிறவர்கள் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். செத்தவரைத்தான் திட்டினாள். பெயர் சொல்லித் திட்டினாள். ஒரு பெண்பிள்ளை வாயில் வரக்கூடாதது எல்லாம் வந்தது. திட்டி முடித்துக் கடையைப் போச்சோவிடம் விட்டுவிட்டு இரும்புக்கடைக்கு ஓடினாள்.

எட்டுப் பெட்டி உலைக்குப் போயிருந்தது. மூன்று பெட்டி குவியலுக்குப் பின்னால் மிஞ்சியிருந்தது, திரும்ப வாங்கிக்கொண்டாள். அவற்றில் கிராங்க் இல்லை. வெளியே வரும்போதுதான் பார்த்தாள்: வாசலில் நாய். நாயின் சங்கிலி ஒரு கிராங்கில் கட்டியிருந்தது. அட்டையை நாய் தின்றிருந்தது, கம்பி மட்டும் மிச்சம்.

“எடுத்துக்கங்க. ஆனா நாயக் கட்ட எனக்கு ஏதாச்சும் வேணும்ல?” என்றார் கடைக்காரர்.

மறுநாள் ஒரு பின்அச்சைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ‘நல்லது’ என்று எழுதியிருந்தது.

இன்னொரு கிராங்க் உருகிப்போயிற்று. ஒற்றை அவளுக்குப் பயன்படாது. புதிதாக இரண்டு கடைந்து தர லேத் பட்டறைக்காரர் தயார். உருக்கில், ஒரே அளவில், பழையதைவிடத் துல்லியமாக. அதற்கு அவர் கேட்ட தொகைக்கு இன்னும் ஒரு வருஷ ஞாயிறுகள் விற்க வேண்டும். அவளிடம் இருப்பதில் பெரிய விலைக்குப் போகக்கூடியது அந்த ஒற்றைக் கிராங்க்தான். ஆனால் அது தார்ப்பாயில் இல்லை. ஞாயிறுதோறும் சந்தைக்குக் கொண்டுவருவாள், தன் முக்காலிக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

“விக்கவா, வச்சுக்கவா?” என்று போச்சோ கேட்டார்.

“தெரியல.”

“தனியா ஒண்ணு இருந்து என்ன பிரயோஜனம்?”

“தெரியும்னு சொன்னேன்ல!”

“தெரியலன்னுதான சொன்ன?”

அவள் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தாள். போச்சோ தொண்டையைச் செருமினார். “ஒண்ணு யோசிச்சியா? ஒன் இன்ஜினையும் அவன் ‘உதவாது’ன்னுதான சொன்னான். அவன் பாஷையில…”

“நிறுத்துங்க.”

“இல்ல, அவன் பாஷையில அதுக்கு…”

“அதுக்கு அட்டை கட்டாதீங்க, போச்சோ. மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. இருபத்திரண்டு வருஷம் சொன்னாரு. நான் மச்சானா, இரவல் வாங்க வந்தவளா? மக. மககிட்ட எந்த பாஷையில பேசணும்னு அந்தாளுக்குத் தெரிஞ்சிருக்கணும்.” மைக்ரோமீட்டரை இறுக்கிய இறுக்கில் அதன் முனை கிறீச்சிட்டது. அளக்கிற கருவியை அப்படி இறுக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். “செத்துப்போனா எல்லாரும் நல்லவங்களாயிடுவாங்களா?”

அதற்கு அடுத்த ஞாயிறுதான் துராஸ்னோ பக்கத்திலிருந்து பாசிலியோ என்கிற பாலாடைக்கட்டி வியாபாரி வந்தார். தோளில் போடும் போஞ்சோப் போர்வையில் சுற்றிக் குழந்தைபோல் தூக்கி வந்ததை அவள் முன்னால் பிரித்தார். கிராங்க். இரண்டாக உடைந்தது. அதே ஜெர்மன் கார்.

“ரெண்டு வருஷமா வண்டி கோழிக்கூட்டுக்குள்ள நிக்குது, தாயி. எலாதியோ வீட்ல ஒண்ணு இருக்குன்னாங்க. ரெண்டு மாட்ட வித்துட்டு வந்திருக்கேன்.”

அவர் சொன்ன தொகையைக் கேட்டுப் போச்சோ விசிலடித்தார். இதுவரை சேர்ந்ததோடு அதுவும் சேர்ந்தால் புது ஜோடி கடைந்துவிடலாம். நாளைக்கே பட்டறைக்குச் சொல்லிவிடலாம். நிபியா கிராங்கின் உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு முக்காலிக்கு அடியிலிருந்ததை இழுத்து, அளந்து, எண்களை எழுதி நீட்டினாள். நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூடத் தேயவில்லை.

பாசிலியோ காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நம்பரு எனக்கு எதுக்கு? அவரு அட்டை எங்க?”

“நாய் தின்னுருச்சு.”

“அட்டை இல்லன்னா வெறும் இரும்புதான?” அவர் தலையைச் சொறிந்தார். கோபமாக இல்லை, சங்கடமாகத்தான். “சரி. நீங்க அவரு மக. அவரு வாயில வந்த சொல்ல உங்க வாயில சொல்லிடுங்க. எனக்கு அது போதும்.”

போச்சோ வேறு பக்கம் பார்த்தார். சந்தையில் யாரோ வறுத்த மாவுப் பண்டத்துக்கு விலை கூவினார்கள். நிபியாவின் தாடை இரண்டு தடவை அசைந்தது. யாரையோ அறையப் போகிறவள்போல் இருந்தாள்.

“உதவாது” என்றாள்.

பாசிலியோ தொப்பியைத் தொட்டுக்கொண்டார். பணத்தைத் தார்ப்பாயின் மேல் வைத்தார். நிபியா எண்ணவில்லை, போச்சோதான் எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

தெருக்கோடியில் லாரி நின்றது. பாசிலியோ குனிந்து கிராங்கின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். மறுமுனையை நிபியா பிடித்தாள்.

“வேணாம் தாயி, பெரிய கனமில்ல. நானே தூக்கிப்பேன்.”

அவள் விடவில்லை. பழந்துணிக் கடைகளையும் கூண்டுக் குருவிகளையும் தாண்டி இரண்டு பேரும் பக்கவாட்டில் நடந்தார்கள். கூட்டம் வழிவிட்டது. லாரியின் பின்கதவைத் திறந்து பாசிலியோ தன் முனையை வைக்கோல்மேல் இறக்கினார், ஏறி உள்ளே தள்ளினார், கதவைச் சாத்தக் கை வைத்தார். சாத்த முடியவில்லை. அவள் முனை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.