அக்காவுக்குத் தெரியாத வாசம்

ஈப்போவில் அக்காவும் நானும் ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். அவள் புருஷன் இறந்துவிட்டார், என் புருஷன் விட்டுப் போய்விட்டார். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது தாமான் என்கிற குடியிருப்பாகி, வரிசையாக வீடுகள் நிற்கின்றன.

அந்த ஆர்க்கிட்டை அவள்தான் ஞாயிற்றுச் சந்தையில் வாங்கினாள். பென்சில் மாதிரி உருண்ட, தடித்த இலைகள். மண் வேண்டாம், தேங்காய் மட்டையில் கட்டி நல்ல வெயிலில் தொங்கவிட்டால் போதும் என்றார் விற்ற சீனர். பகலில் எவ்வளவு முகர்ந்தாலும் வாசம் இருக்காதாம். இருட்டியதும் அந்துப்பூச்சிகளை அழைக்கத்தான் அது மணக்குமாம்.

மூன்று வருஷம் அது பூக்கவில்லை. பூத்தபோது அக்காவுக்கு மூன்றாவது கீமோ முடிந்திருந்தது. நாக்கில் ருசி இல்லை. பக்கத்தில் ரசம் கொதித்தாலும் வாசம் தெரியாது.

பள்ளிவாசலில் அந்தி நேர மக்ரிப் பாங்கு ஓய்ந்ததும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெளிர்பச்சையில் ஒல்லியாய் ஐந்து இதழ்கள், நடுவில் வெள்ளையாய் அகன்ற ஓர் இதழ். அதிலேயே மூக்கை வைத்து, "வாசம் வருதா?" என்று கேட்டாள்.

பால்கனியே மணத்தது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இல்லக்கா. அந்த ஆளு சும்மா கதை விட்டிருக்கான்."

தனக்கு மட்டும் தெரியாமல் போகவில்லை என்று அவளுக்கு நிம்மதி. நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் சாயங்காலம், பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சூப் கொண்டுவந்தார். என்ன பூ இது, மாடிப்படி வரைக்கும் மணக்கிறதே என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் போனதும் சொன்னாள்:

"எனக்குத்தான் மூக்கு போச்சு. உனக்கு இருக்குலா. நீ சொல்லியிருந்தா கேட்டுக்கிட்டாவது இருந்திருப்பேன்."

அன்றிலிருந்து தினமும் சொன்னேன். எலுமிச்சைத் தோலைக் கிள்ளினாற்போல் முதலில் வரும், கொஞ்ச நேரத்தில் மல்லிகை போல இனிக்கும் என்றேன். கண்ணை மூடிக் கேட்பாள். எலுமிச்சையா, நார்த்தங்காயா என்று விடாமல் கேட்பாள். இல்லை, நார்த்தங்காய்தான் என்று மாற்றிச் சொல்வேன். ஆறு சாயங்காலம் அப்படிச் சொல்ல முடிந்தது.

அதற்கு மறுநாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் வீடு திரும்பவில்லை. கடைசியாகப் பேசியபோது, பூ இன்னும் இருக்கா என்று கேட்டாள். மறுபடி பொய் சொல்ல வாய் வரவில்லை. வாடிவிட்டது என்றேன்.

"சரி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு மட்டும் பொய் சொல்லியிருக்கலாம்.